பழைய அம்பாசடருக்கு எந்தக் கூலன்ட்?

ரேடியேட்டரில் ஊற்றப்படும் கூலன்ட்டில் இருப்பவை மூன்று: தண்ணீர், எத்திலீன் கிளைக்கால், உலோக அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள். கடையில் பச்சை, நீலம், ஆரஞ்சு, சிவப்பு எனப் பல நிறங்களில் கேன்களை அடுக்கி வைத்திருந்தாலும், முதல் இரண்டும் அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றுதான். அளவில் சில சதவீதமே இருக்கும் மூன்றாவதில்தான் வகைக்கு வகை வேறுபாடு. புதிய வண்டிக்கு எந்த வகை என்பதைக் கையேட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். முப்பது, நாற்பது ஆண்டு ஓடிய வண்டிக்கு அந்த வசதி இல்லை. அதன் கையேடு அச்சானபோது இன்றைய கூலன்ட் வகைகளில் பாதி சந்தைக்கே வரவில்லை. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு வகையை விட்டு இன்னொன்றுக்கு மாறலாமா, மாறினால் எப்படி மாறுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது கேனின் நிறம் அல்ல. என்ஜினும் ரேடியேட்டரும் என்ன உலோகத்தில் செய்யப்பட்டவை என்பதுதான்.

இந்தக் கேள்வி அன்றாடம் எழும் ஊர் கொல்கத்தா. 1942-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஹூக்ளி மாவட்டத்தின் உத்தர்பாராவில் அமைத்த ஆலையில்தான் அம்பாசடர் உருவானது. ஆலையை ஒட்டிய ரயில் நிலையத்தின் பெயரே ஹிந்த் மோட்டார். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950-களின் கடைசியில் வெளிவந்த அந்த வண்டி, 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும் வரை வெளித்தோற்றத்தில் பெரிதாக மாறவில்லை. வாடகை வண்டிகளுக்கு 15 ஆண்டு என்ற வரம்பை 2008-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு மஞ்சள் டாக்ஸிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. ஆனாலும் மறுபதிவு செய்து தனியார் வைத்திருக்கும் அம்பாசடர்கள் இன்னும் ஓடுகின்றன. மல்லிக் பஜாரின் உதிரிபாகக் கடைகளில் அவற்றுக்கு வேண்டியதும் கிடைக்கிறது.

தண்ணீர் மட்டும் போதாதா?

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச கூலன்ட்டால் முடியாது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வெப்பம் தேவை; தண்ணீரும் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கலவைக்கு ஏறத்தாழ 3.4 ஜூல்தான். அதாவது கிளைக்கால் கூடக்கூட, அதே அளவு திரவம் என்ஜினிலிருந்து எடுத்துச் செல்லும் வெப்பம் குறைகிறது. ‘கூலன்ட் கெட்டியாக இருந்தால் வண்டி குளிர்ச்சியாக ஓடும்’ என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை.

கிளைக்காலின் முதல் பயன் உறைவதைத் தடுப்பது. கொல்கத்தாவில் ஜனவரியிலும் தண்ணீர் உறையும் குளிர் வருவதில்லை என்பதால் அந்தப் பயன் அங்கே வேண்டியதில்லை. மேற்கு வங்காளத்தின் வடக்கு எல்லைக்குப் போனால் கதை வேறு. மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்கு ஏறும் பழைய லேண்ட் ரோவர்களுக்குப் பனிக்காலத்தில் உறையும் ஆபத்து உண்டு. கோடையில் இன்னொரு தொல்லை: அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 88 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும்.

சமவெளி வண்டிக்குக் கிளைக்காலால் கிடைக்கும் நன்மை கொதிநிலை உயர்வது. பாதிக்குப் பாதி கலவை, அழுத்தம் இல்லாத நிலையில் 107 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. இதைவிடப் பெரிய பங்கு ரேடியேட்டர் மூடியுடையது. மூடி தாங்கும் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐ கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயரும். மே மாத வெயிலில் சியால்தா பக்கத்து நெரிசலில் நின்றபடி கொதிக்கும் பழைய வண்டியில், பல சமயம் பழி கூலன்ட்டின் மேல் விழுகிறது. உண்மையான குற்றவாளி ரப்பர் இறுகிப்போன, ஸ்பிரிங் தளர்ந்த மூடி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மூன்றாவது பொருள். வெறும் தண்ணீரில் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு பிரச்சினை முடிவதில்லை. ஒரே திரவத்தில் இரும்பு, செம்பு, பித்தளை, ஈயப் பற்றாசு, அலுமினியம் ஆகியவை ஒன்றாக நனைந்திருக்கும்போது, அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்துமானால், உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். தண்ணீரில் கரைந்த உப்பு எவ்வளவு அதிகமோ, அரிப்பு அவ்வளவு வேகம். ஆகவே எந்தத் தண்ணீர் என்பது எந்தக் கூலன்ட் என்பதற்கு நிகரான கேள்வி.

கொல்கத்தாவில் இந்தத் தண்ணீர் மூன்று விதம். பல்தாவில் ஹூக்ளி ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து, 1911-இல் கட்டி முடிக்கப்பட்ட தல்லா மேல்நிலைத் தொட்டி வழியாக நகருக்கு வரும் குழாய்த் தண்ணீர் ஒன்று. நிலத்தடியிலிருந்து எடுக்கும் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர் இரண்டாவது. பல இடங்களில் அதில் கடினத்தன்மையும் இரும்பும் குளோரைடும் கூடுதல். தெரு கழுவுவதற்கென்று தனிக்குழாயில் வரும் சுத்திகரிக்காத கங்கைத் தண்ணீர் மூன்றாவது; வண்டல் கலந்த அந்தத் தண்ணீரில் டாக்ஸி கழுவுவது நகரத்தின் காலைக் காட்சிகளில் ஒன்று. வண்டியின் மேல் ஊற்றலாம், ரேடியேட்டருக்குள் ஊற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரும் அவசரத்துக்கு மட்டுமே. கூலன்ட்டுடன் கலப்பதற்கு ஏற்றது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர்தான்.

மூன்று குடும்பங்கள்

சந்தையிலுள்ள கூலன்ட்களை அவற்றின் தடுப்பு ரசாயனத்தைக் கொண்டு மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது ஐஏடி எனப்படும் கனிமச் சேர்க்கை வகை. சிலிக்கேட், பாஸ்பேட், போரேட், நைட்ரைட் போன்ற உப்புகளும், செம்பையும் பித்தளையையும் காக்க அசோல் வகைச் சேர்மங்களும் இதில் இருக்கும். இவை உலோகப் பரப்பு முழுவதும் ஒரு மெல்லிய படலத்தைப் பரப்பிவிடுகின்றன. வேலை உடனே தொடங்கும்; ஆனால் தொடர்ந்து படலம் போட்டுக்கொண்டே இருப்பதால் ரசாயனமும் தீர்ந்துகொண்டே வரும். இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் அளவில் மாற்றிவிட வேண்டும். பெரும்பாலும் பச்சை, சில நாடுகளில் நீலம்.

இரண்டாவது ஓஏடி எனப்படும் கரிம அமில வகை. செபாசிக் அமிலம், 2-எத்தில்ஹெக்சனாயிக் அமிலம் போன்றவற்றின் உப்புகள் இதன் அடிப்படை. இவை பரப்பு முழுவதும் படலம் போடுவதில்லை. அரிப்பு தொடங்கும் புள்ளியில் போய்ப் படிந்து அங்கே மட்டும் தடுக்கின்றன. அதனால் செலவாவது குறைவு, ஆயுள் ஐந்து ஆண்டும் அதற்கு மேலும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களின் நடுவில் ‘டெக்ஸ்கூல்’ என்ற பெயரில் ஆரஞ்சு நிறத்தில் கொண்டுவந்தது இந்த வகையைத்தான். அலுமினியம் மிகுந்த புதிய என்ஜின்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட வகை இது.

மூன்றாவது இரண்டையும் கலந்த ஹெச்ஓஏடி. கரிம அமிலங்களோடு சிறிதளவு சிலிக்கேட் அல்லது பாஸ்பேட் சேரும். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் சிலிக்கேட்டின் பக்கம் போனார்கள். அங்கே தண்ணீர் கடினம் என்பதால், கால்சியத்தோடு சேர்ந்து செதிலாகப் படியும் பாஸ்பேட்டை ஒதுக்கினார்கள். ஜப்பானியர்கள் வாட்டர் பம்பின் சீலைத் தேய்க்கும் என்று சிலிக்கேட்டை ஒதுக்கி, பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். டொயோட்டா, ஹோண்டா, சுஸுகி வண்டிகளுக்கான கூலன்ட் ஐரோப்பிய வண்டிகளுக்கானதிலிருந்து வேறுபடக் காரணம் இதுதான்.

நிறத்துக்கு எந்தத் தரநிர்ணயமும் இல்லை. நிறம் நிறுவனம் சேர்க்கும் சாயம், அவ்வளவே. பச்சை நிறத்தில் கரிம அமில வகையும் விற்கிறது, சிவப்பில் கனிமக் கலவையும் விற்கிறது. கேனின் பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் வகைப்பெயரையும் தர எண்ணையும்தான் படிக்க வேண்டும். இந்தியாவில் ஐஎஸ் 5759, ஜப்பானில் ஜேஐஎஸ் கே 2234, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் டி 3306 ஆகியவை அடிக்கடி காணப்படும் தர எண்கள்.

இந்த எண்களுக்குப் பின்னாலுள்ள சோதனை ஒன்றை அறிந்துகொள்வது நல்லது. செம்பு, பித்தளை, ஈயப் பற்றாசு, எஃகு, வார்ப்பிரும்பு, வார்ப்பு அலுமினியம் என ஆறு உலோகத் துண்டுகளை ஒரு கட்டாகக் கோத்து, வேண்டுமென்றே உப்பு சேர்த்த தண்ணீரில் கூலன்ட்டைக் கலந்து, 88 டிகிரி செல்சியஸ் சூட்டில் 336 மணி நேரம் ஊற வைக்கிறார்கள். பிறகு எடை போடுகிறார்கள். செம்பு, பித்தளை, எஃகு, வார்ப்பிரும்பு ஆகியவை ஒவ்வொன்றும் 10 மில்லிகிராமுக்கு மேல் இழக்கக் கூடாது. பற்றாசுக்கும் அலுமினியத்துக்கும் 30 மில்லிகிராம் வரை அனுமதி. இந்தத் தேர்வில் தேறிய எந்தக் கூலன்ட்டும் ஒரே வாரத்தில் ரேடியேட்டரைத் தின்றுவிடாது. ஆனால் புதிய உலோகத்தில் இரண்டு வாரம் நடக்கும் சோதனை, செதிலும் துருவும் படிந்த முப்பது வயது ரேடியேட்டருக்கு உத்தரவாதம் ஆகாது.

பானெட்டின் கீழ் இருக்கும் உலோகம்

பழைய அம்பாசடரின் 1489 சிசி என்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதன் பெரிய உருவமே. பிளாக்கும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். குழாய்களையும் தொட்டிகளையும் இணைப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. இந்த உலோகக் கூட்டத்துக்கென்றே வளர்ந்தது கனிம வகைக் கூலன்ட்.

1990-களில் இசுஸூ வடிவமைப்பிலான 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜினும், பின்னர் இசுஸூ டீசலும் வந்தன. பழைய வண்டிகளில் என்ஜினையே மாற்றிப் பொருத்தியவர்களும் உண்டு. ஆகவே ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்பாமல் நேரில் பார்ப்பது நல்லது. சிறு காந்தம் ஒன்று போதும். சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு வைத்தால், ஒட்டினால் வார்ப்பிரும்பு, ஒட்டாமல் விழுந்தால் அலுமினியம். ரேடியேட்டருக்குக் காந்தம் உதவாது. செம்பிலும் அது ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது. தொட்டியின் ஓரத்தில் பெயின்ட்டைச் சற்றுச் சுரண்டினால் மஞ்சளாகத் தெரிவது பித்தளை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியும் வெள்ளை மினுமினுப்புள்ள துடுப்புகளும் இருந்தால் யாரோ புதிய அலுமினிய ரேடியேட்டரைப் பொருத்தியிருக்கிறார்கள். பற்றாசு அதில் இல்லை.

இந்த ஆய்வில்தான் பாதி விடை கிடைத்துவிடுகிறது. இரும்பு என்ஜின், பித்தளை ரேடியேட்டர், ஈயப் பற்றாசு என்றால் கனிம வகையிலேயே தொடர்வது பாதுகாப்பு. கரிம அமிலக் கூலன்ட் வந்த ஆரம்ப ஆண்டுகளிலேயே ஈயப் பற்றாசை அது போதிய அளவு காப்பதில்லை என்ற குறை எழுந்தது. 2-எத்தில்ஹெக்சனாயிக் அமிலம் சில பிளாஸ்டிக், சிலிக்கோன் வகைகளை இளக்குகிறது என்ற குறையும் சேர்ந்தது. பழைய கார்களின் கேஸ்கட்டும் சீலும் கசிந்ததாக உரிமையாளர்கள் புகார் சொன்ன பிறகு, பிரிட்டனில் பழம்பெரும் வாகனக் கழகங்களின் கூட்டமைப்பு, அப்படிப்பட்ட வண்டிகளில் கனிம வகையையே பயன்படுத்தும்படி உறுப்பினர்களை எச்சரித்தது. அம்பாசடரின் என்ஜின் அந்த வண்டிகளோடு ஒரே ஆலைக் குடும்பத்தில் பிறந்தது. அந்த எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

அலுமினிய ஹெட்டும் புதிய அலுமினிய ரேடியேட்டரும், புதிய ஹோஸ்களும் கேஸ்கட்டும் உள்ள வண்டியாக இருந்தால் ஹெச்ஓஏடி நல்ல நடுவழி. சிலிக்கேட் உள்ளதால் அலுமினியத்துக்கு உடனடிப் பாதுகாப்பு, கரிம அமிலம் உள்ளதால் நீண்ட ஆயுள். ஐந்து ஆண்டு ஆயுளை மட்டும் பார்த்து, பித்தளை ரேடியேட்டர் உள்ள வண்டியை முழுக்க ஓஏடிக்கு மாற்றுவதில் லாபம் இல்லை. இரண்டு ஆண்டுக்கொரு முறை சில லிட்டர் பச்சைக் கூலன்ட் வாங்கும் செலவு, ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றவைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அற்பம்.

கலந்துவிட்டால்?

இரண்டு வகைகள் கலந்தால் உடனே எல்லாம் கூழாகிவிடும் என்று சொல்வார்கள். பெரும்பாலான கலவைகளில் அப்படி நடப்பதில்லை. நடப்பது கண்ணுக்குத் தெரியாத இழப்பு: இரண்டு வகைத் தடுப்பு ரசாயனங்களும் பாதிப் பாதி அளவுக்கு நீர்த்துப்போய், எதுவும் முழு வலுவில் இல்லாமல் போகிறது. ஐந்து ஆண்டு ஓடவேண்டிய கூலன்ட் இரண்டு ஆண்டுக்குள் தளர்ந்துவிடும். சில சேர்க்கைகள் உண்மையிலேயே கெடும். போக்ஸ்வாகன் தன் பழைய நீலப்பச்சைக் கூலன்ட்டிலிருந்து சிவப்பு ஜி12-க்கு மாறிய காலத்தில், இரண்டும் கலந்த வண்டிகளில் பழுப்பு நிறச் சேறு உண்டானது பணிமனைகளுக்கு நன்கு தெரிந்த சங்கதி. சிலிக்கேட் மிகுந்த கூலன்ட் பழசானால் தானாகவே பிசின்போலத் திரளவும் கூடும்.

வழியில் தண்ணீர் குறைந்து, கையில் வேறு வகைக் கூலன்ட் மட்டுமே இருந்தால், அதைவிட டிஸ்டில்ட் வாட்டர் அரை லிட்டர் ஊற்றி வீடு சேர்வது மேல். உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாத வண்டியை வாங்கியவர், ஊகிக்கத் தேவையில்லை. முழுதாக வடித்துக் கழுவி, தெரிந்த ஒன்றை ஊற்றிப் புதிதாகத் தொடங்குவதே ஒழுங்கு.

கழுவுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய வண்டியின் உள்ளே கூலன்ட்டும் தண்ணீரும் மட்டும் இருக்காது. சிறு கசிவை அடைக்க மஞ்சள் தூள் போடுவது நம் நாட்டுப் பணிமனைகளில் நெடுநாள் வழக்கம். துரு பிடிக்காமலிருக்க, லேத்தில் பயன்படும் சொல்யூபிள் ஆயிலை ஊற்றுவதும் உண்டு. மஞ்சள் தூள் ஓட்டையை அடைப்பதோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. எண்ணெய் ரப்பர் ஹோஸ்களை உப்ப வைக்கிறது. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தால், வழுவழுப்பு எண்ணெயையும் மஞ்சள் கலந்த சேறு தூளையும் காட்டிக் கொடுக்கும். பால்விட்ட தேநீர் நிறத்தில் நுரை மிதந்தால் ஹெட் கேஸ்கட் போய் என்ஜின் ஆயில் கலந்திருக்க வாய்ப்புண்டு; அதைச் சரிசெய்யாமல் கூலன்ட் மாற்றுவது வீண்.

இன்னொன்றையும் முன்கூட்டியே ஏற்க வேண்டும். பல பழைய ரேடியேட்டர்களில் ஓட்டையை மூடிக்கொண்டிருப்பதே உள்ளே படிந்த செதில்தான். நன்றாகக் கழுவினால் செதில் போகும், ஓட்டை வெளியே தெரியும். புதிய கூலன்ட் ஊற்றியதால் ரேடியேட்டர் ஒழுகிவிட்டது என்று சொல்லப்படும் பல கதைகளின் உண்மை இதுதான். கிளைக்கால் கலவை வெறும் தண்ணீர் புகாத நுண்ணிய இடுக்குகளிலும் புகுந்து வெளிவரும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே ரேடியேட்டர் மெக்கானிக்கிடம் கொடுத்து, தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குழாய்களைச் சுத்தம் செய்து, அழுத்தச் சோதனை பார்த்து வாங்கிய பிறகு கூலன்ட்டை மாற்றுவதே சரியான வரிசை. ஹோஸ்கள், கிளாம்ப்கள், வாட்டர் பம்ப் சீல், பிளாக்கின் பக்கவாட்டுத் தகட்டு அடைப்பான்கள் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சூடு ஏறுகிறது என்ற காரணத்தால் பல வண்டிகளில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் தன் வேலைச் சூட்டை அடையத் தாமதமாகிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது, சிலிண்டர் தேய்மானமும் கூடுகிறது. ரேடியேட்டர் சுத்தமான பிறகு அதை மீண்டும் பொருத்தலாம், பொருத்தவும் வேண்டும்.

மாற்றும் முறை

வேலையை என்ஜின் முழுதாக ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். சூடான வார்ப்பிரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம்.

ஹீட்டர் உள்ள வண்டியில் அதன் வால்வைத் திறந்து வைத்து, ரேடியேட்டரின் அடியிலுள்ள டேப்பையும் பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள டேப்பையும் திறக்க வேண்டும். ரேடியேட்டரை மட்டும் வடித்து நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. பிளாக்கில் தேங்கியது அப்படியே நின்றுவிடும். பிளாக்கின் டேப்பைத் திறந்தும் எதுவும் வரவில்லை என்றால் உள்ளே காலி என்று அர்த்தமில்லை. துருச் சேறு அடைத்திருக்கும். டேப்பை முழுவதும் கழற்றி, ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் குத்தினால் முதலில் செம்பழுப்புக் குழம்பும் பிறகு தண்ணீரும் வரும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் பாய்ச்சினால் சேறு விரைவில் வெளியேறும்.

செதில் அதிகமானால் சிட்ரிக் அமிலக் கரைசல் துருவையும் சுண்ணாம்பையும் கரைக்கும். பிறகு அமிலம் துளியும் மிஞ்சாமல் அலச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சலவை சோடா பழைய கைமுறை. ஆனால் காந்தம் ஒட்டாத ஹெட் உள்ள வண்டியில் அதைத் தொடவே கூடாது, காரம் அலுமினியத்தை அரித்துவிடும்.

எத்தனை முறை அலசுவது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். வண்டியின் மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர், வடித்த பிறகும் இடுக்குகளில் 2 லிட்டர் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் நிரப்பி, என்ஜினைச் சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு வடித்தால், முதல் சுற்றில் பழைய கூலன்ட் 25 சதவீதமாகக் குறையும். இரண்டாம் சுற்றில் 6.25 சதவீதம், மூன்றாம் சுற்றில் 1.6 சதவீதம். ஒரே வகையை மீண்டும் ஊற்றுவதானால் ஒரு சுற்று போதும். வகை மாறுகிறது என்றால் மூன்று சுற்றுக்குக் குறைக்கக் கூடாது. கடைசிச் சுற்றுக்கு டிஸ்டில்ட் வாட்டரைப் பயன்படுத்தினால், உள்ளே தங்கும் 2 லிட்டரும் சுத்தமானதாக இருக்கும்.

அந்த 2 லிட்டரை மறந்துவிடுவதால் இன்னொரு பிழை நேர்கிறது. பாதிக்குப் பாதி என்று ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்ட்டை 6 லிட்டர் ஊற்றினால், உள்ளிருக்கும் தண்ணீரோடு சேர்ந்து கிளைக்கால் 37.5 சதவீதமாக இறங்கிவிடுகிறது. கொல்கத்தாவுக்கு அதுவும் போதுமானதே. ஆனால் சந்தக்பூ போகும் வண்டிக்கு 50 சதவீதம் வேண்டுமென்றால், கலக்காத அடர் கூலன்ட்டை 4 லிட்டர் முதலில் ஊற்றி, மீதியை டிஸ்டில்ட் வாட்டரால் நிரப்ப வேண்டும். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2.7 லிட்டர் அளவு அடர் கூலன்ட் சரி. அதற்குக் கீழே இறங்கினால் கிளைக்காலோடு தடுப்பு ரசாயனமும் நீர்த்துப்போய் அரிப்பைத் தடுக்கும் வலு போய்விடும்.

நிரப்புவது மெதுவாக நடக்க வேண்டும். வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்த இடத்தில் நின்றால் காற்று மேலேறி வெளியேறும். மூடியைத் திறந்துவைத்து என்ஜினை ஓட்டினால், தெர்மோஸ்டாட் திறக்கும்போது மேல் ஹோஸ் சட்டென்று சூடாகி, ரேடியேட்டரில் மட்டம் இறங்கும். குறைந்ததை நிரப்பி மூட வேண்டும். முதல் சில நாள் காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பார்ப்பதும், வண்டி நின்ற இடத்தில் தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம்.

வடித்த கூலன்ட்டை என்ன செய்வது?

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கப் போதுமானது. தெருநாய்க்கும் குழந்தைக்கும் அதைவிட மிகக் குறைவே போதும். பழைய ரேடியேட்டரிலிருந்து வந்ததாக இருந்தால் அதில் கரைந்த ஈயமும் இருக்கும். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம்.

கொல்கத்தாவில் இதைச் சாக்கடையில் ஊற்றுவது மற்ற ஊர்களைவிடப் பெரிய தீங்கு. நகரத்தின் கழிவுநீர் போய்ச் சேருவது கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலத்தில். 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட, 12,500 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நிலத்தில் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கிறார்கள், காய்கறி விளைவிக்கிறார்கள். அந்த மீனும் காயும் திரும்ப நகரத்துச் சந்தைக்கே வருகின்றன. கிளைக்காலை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். ஈயத்தைச் சிதைக்க எதனாலும் முடியாது. வடித்ததைப் பழைய கேனிலேயே ஊற்றி, இறுக மூடி, ‘விஷம்’ என்று எழுதி, கழிவு எண்ணெய் சேகரித்து ஒப்படைக்கும் பணிமனையிடம், எண்ணெயோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். கழுவிய முதல் சுற்றுத் தண்ணீரும் இதில் சேரும்.

மாற்றிய பிறகு

கூலன்ட்டின் ஆயுள் முடிந்ததா என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சாயம் மங்காமலேயே தடுப்பு ரசாயனம் தீர்ந்திருக்கலாம். கடையில் கிடைக்கும் மிதவைமானி கிளைக்காலின் அளவைக் காட்டுமே தவிர, தடுப்பு ரசாயனத்தின் அளவைக் காட்டாது. கிளைக்கால் சூட்டில் மெல்லச் சிதைந்து அமிலமாகிறது என்பதால், பிஹெச் காட்டும் சோதனைத் தாள் கூடுதல் தகவல் தரும். கனிம வகைக் கூலன்ட்டின் பிஹெச், புதிதாக இருந்தபோது காட்டியதிலிருந்து இறங்கி 8-ஐ நெருங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மல்டிமீட்டர் உள்ளவர், அதன் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை உலோகத்தில் படாமல் ரேடியேட்டரிலுள்ள திரவத்திலும் வைத்துப் பார்க்கலாம், 0.3 வோல்ட்டைத் தாண்டினால் கூலன்ட் தளர்ந்திருக்கிறது அல்லது எர்த் இணைப்பில் கோளாறு என்பது பணிமனைகளின் பொதுவான கணக்கு.

இத்தனைக்கும் மேல் பயன் தருவது ஒரு சிறு சீட்டு. ஊற்றிய கூலன்ட்டின் வகை, நிறுவனம், கலப்பு விகிதம், ஊற்றிய மாதமும் ஆண்டும், அப்போதைய கிலோமீட்டர் ஆகியவற்றை எழுதி, ரேடியேட்டரின் மேலுள்ள தகட்டில் ஒட்டிவிட வேண்டும். பழைய வண்டி பல கைகள் மாறும், பல மெக்கானிக்குகளைப் பார்க்கும். அடுத்து மூடியைத் திறப்பவர் நிறத்தைப் பார்த்து ஊகிக்காமல், எழுதியிருப்பதைப் படித்து அதே வகையை ஊற்றினால், வார்ப்பிரும்பு பிளாக்கும் பித்தளை ரேடியேட்டரும் இன்னும் பல ஆண்டு தாங்கும்.